இருபத்தெட்டாம் நாள்

பதினோராம் லாரி வந்தபோது இரவு மணி இரண்டேகால்.
எல்க்ஹார்ன் ஓடைக்கு மேலே கம்பிக் கட்டம்,
அதன்மேல் விளக்கு, விளக்கைச் சுற்றிப் பூச்சிகள்.
லெலாண்ட் பிரட்ஸ்கோவின் ஆட்கள்
கணுக்காலளவு கலவையில் நின்றார்கள்.
வடமேற்குப் பென்சில்வேனியாவில் செப்டம்பர் இரவுக்குக்கூட
பல் உண்டு.

நான் அவருடைய ஆள் இல்லை. மாநிலத்தின் ஆளும் இல்லை.
சோதனைக் கூடத்திலிருந்து வந்தவள்.
ஒரு கூம்பு, ஒரு இடிகம்பி,
நாலு பிளாஸ்டிக் உருளை,
ஒரு பேனா.

கலவை இறுகியிருந்தது.
வழியில் சரக்கு ரயில் ஒன்று
நூற்றுப்பத்துப் பெட்டியோடு கேட்டை மறித்ததாம்.
ஓட்டுநர் டெல்பர்ட் தண்ணீர்க் குழாயைத் திறந்தான்.
"கொஞ்சம்தான்."
கொஞ்சத்துக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
பதினைந்து காலன் என்று எழுதினேன்.
அவன் பேனாவைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
கலவை இளகி இறங்கியது, சொன்ன பேச்சுக் கேட்கும் கஞ்சி.

ஒரு பானைக்கு ஒரு பருக்கை.
அறுநூறு டன் பாலத்துக்கு
என் இடுப்புயரம்கூட வராத இந்த உருளைகள்.

ஏழாம் நாள் இரண்டை உடைத்தேன்.
மற்ற லாரிகளின் உருளைகள் பிடிவாதமாய் நின்று
வெடிச்சத்தத்தோடு விழுந்தவை.
பதினொன்று சத்தமே போடவில்லை.
ஓரத்தில் ஒரு கோடு. பிறகு சரிவு.
எண்ணை அனுப்பினேன்.
பத்து நிமிடத்தில் லெலாண்ட் அழைத்தார்,
ஒன்றும் கேட்கவில்லை,
"மிச்சம் ரெண்டும் தண்ணியிலதானே இருக்கு?" என்றார்.
தொட்டியில்தான் இருந்தன.
இருபத்தொரு நாள் அவருக்கும் எனக்கும் அதே கேள்வி.

ஊரில் சொல்வார்கள்:
டெண்டர் உறைகளைப் பிரித்த காலையில்
இவர் விலைக்கும் அடுத்தவர் விலைக்கும் இடையே
நாலு லட்சம் டாலர் பள்ளம்.
கைகுலுக்கினவர்களுக்கெல்லாம்
வென்றவர் கை ஐஸாக இருந்ததாம்.
அதற்குப் பிறகு இரும்பின் விலை ஏறியது.
தூக்கணாங்குருவிகள் பழைய பாலத்தடியில் முட்டையிட்டன,
குஞ்சு பறக்கும்வரை இடிக்காதே என்றது சட்டம்.
பள்ளிப் பேருந்து பதினெட்டு மைல் சுற்றிப் போனது,
திறக்கப் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும்
அபராதம் என்றது ஒப்பந்தம்.
குருவிகளுக்கு ஒப்பந்தம் கிடையாது.

இருபத்தெட்டாம் நாள் அவரே வந்தார்.
டோனட் பெட்டி ஒன்று, யாரும் தொடவில்லை.
முதல் உருளையை எந்திரத்தில் வைத்தேன்.
முள் ஏறியது: மூவாயிரம்,
மூவாயிரத்து ஐநூறு,
அவர் தொப்பியைக் கழற்றினார்,
தேவாலயத்தில் கழற்றுவது போல இல்லை,
வெக்கையில் கழற்றுவது போல.
மூவாயிரத்து எழுநூறில் நின்றது.
தேவை நாலாயிரம்.
இரண்டாவது அதைவிட இருபது குறைவு.

"நீ அந்தப் பதினைந்தை எழுதியிருக்கே."
"ஆமா."
"டெல்பர்ட் சொல்லலே."
அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.
டோனட்டை மறந்துவிட்டார், அல்லது விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் பாலத்திலேயே துளை போட்டோம்,
பதினோராம் லாரி கொட்டிய இடத்தில் மூன்று துளை.
வைரப்பல் சுழலச் சுழலச் சாம்பல் நிறப் பால் வழிந்தது.
எடுத்த துண்டுகளை உடைத்தேன்.
இரண்டு தேறின. ஒன்று தேறவில்லை.
மாநிலத்து எஞ்சினியர் நாலு நாள் யோசித்து
பணத்தில் பிடித்துக்கொள்கிறோம், பாலம் இருக்கட்டும் என்றார்.

நவம்பரில் திறந்தார்கள். நாடா, கத்திரி,
மேயரின் பேச்சைக் காற்று எடுத்துக்கொண்டு போனது.
லெலாண்ட் பின்னால் நின்றார்,
பாலத்தைப் பார்க்கவில்லை, அதன் அடியைப் பார்த்தார்.

தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன்.
கிழக்குத் தடத்தில் மூன்று வட்ட ஒட்டு,
சற்றே கருத்த மூன்று நாணயம்.
டயர் அவற்றின்மேல் ஏறும்போது
ஒன்றும் தெரியாது, யாருக்கும்.
நான் மட்டும் மூன்றாவதில்
ஆக்ஸிலேட்டரை லேசாக விடுகிறேன்.